க − 2-ஐ அடித்துவிட்டு, அடுத்த வரியிலேயே க = 2 போடலாமா?

8 ஜூலை 2024, இரவு 8.50: கேள்வி (பிளஸ் ஒன் மாணவர்)

(க² − 4)/(க − 2). க 2-ஐ நெருங்கும்போது எல்லை (லிமிட், அதாவது இந்தப் பின்னம் எந்த எண்ணை நெருங்கும்) என்ன என்று கணக்கு. மேலே (க − 2)(க + 2) என்று பிரித்து, மேலும் கீழும் க − 2-ஐ அடித்து, மிச்சமுள்ள க + 2-ல் 2 போட்டேன். விடை 4. முழு மார்க்கும் வந்துவிட்டது. ஆனால் உறுத்துகிறது சார். அடிக்கும்போது க − 2 பூச்சியம் இல்லை என்றோம், அதனால்தான் அடிக்கவே முடிந்தது. அடுத்த வரியில் க = 2 என்கிறோம். ஒரே கணக்கில் இரண்டு பேச்சு பேசலாமா? வகுப்பில் கேட்டால் "எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

8 ஜூலை, இரவு 9.35

உறுத்தட்டும் தம்பி, அதை விட்டுவிடாதே. நானும் பிளஸ் ஒன்னில் இதே வரியில் நின்றவன். "அடி, போடு, நாலு" என்று சொன்னதை அப்படியே எழுதிவிட்டுத் தாண்டிப் போனேன். இப்போது மாலை வகுப்பில் பதினைந்து வருடமாக இந்தப் பாடம் எடுக்கிறேன். இந்த ஒரு வரிக்கு அரை மணி நேரமாவது ஒதுக்காமல் அடுத்த கணக்குக்குப் போவதில்லை.

எக்ஸுக்குப் பதில் நீ க என்று எழுதியிருக்கிறாய், நானும் அப்படியே எழுதுகிறேன்.

இங்கே சார்புகள் (க-வுக்கு ஓர் எண்ணைப் போட்டால் ஒரு மதிப்பு தருபவை) இரண்டு. (க² − 4)/(க − 2) ஒன்று, க + 2 இன்னொன்று. முதல் சார்புக்கு 2-ல் மதிப்பே கிடையாது. இரண்டாவதற்கு அங்கே 4. மற்ற எல்லா இடத்திலும் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. நீ க − 2-ஐ அடித்தாயே, அதற்கு அர்த்தம் "2-ஐத் தவிர மற்ற இடமெல்லாம் இதுவும் அதுவும் ஒன்று" என்பது மட்டும்தான். எல்லை என்பது 2-ன் அக்கம்பக்கத்தைத்தான் பார்க்கும், 2-ஐ எட்டியே பார்க்காது. அக்கம்பக்கம் ஒன்றாக இருக்கிறது, அதனால் இரண்டின் எல்லையும் ஒன்றுதான்.

கால்குலேட்டரில் முதல் சார்பையே போட்டுப் பார். 1.9 போட்டால் 3.9. 1.99-க்கு 3.99. அந்தப் பக்கம் 2.01-க்கு 4.01. ஆக 4.

பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஓர் இலைக்கு மட்டும் ஆள் இல்லை. இந்தப் பக்கத்துக்காரர் 11-ஆம் இலை, அந்தப் பக்கத்துக்காரர் 13. காலி இலை எத்தனையாவது என்று சொல்ல அங்கே யாரும் வந்து உட்கார வேண்டியதில்லை.

8 ஜூலை, இரவு 11.10

படுத்த பிறகு தோன்றியது: தம்பி கேட்டதில் பாதிக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். அடித்தது சரி. 2-ஐப் போட்டது எப்படிச் சரி?

க + 2 ஒரு தொடர்ச்சியான சார்பு. தொடர்ச்சி என்றால், எல்லையும் அந்த இடத்து மதிப்பும் ஒன்றாக இருப்பது. அதனால் க + 2-ன் எல்லையைக் கண்டுபிடிக்கக் குறுக்குவழியாக அதன் மதிப்பைக் கணக்கிடுகிறோம். "க = 2" என்ற அந்த வரி பழைய பின்னத்தைப் பற்றியது இல்லை, புதிய சார்பைப் பற்றியது. இரண்டு வரியும் இரண்டு வெவ்வேறு சார்புகளைப் பற்றிப் பேசுகின்றன, அதனால் முரண்பாடு இல்லை. விடைத்தாளில் அடித்த வரிக்குப் பக்கத்தில் "க ≠ 2" என்றும், போடும் வரிக்குப் பக்கத்தில் "க + 2 தொடர்ச்சியானது" என்றும் எழுதிவிடு. உறுத்தலும் போய்விடும்.

9 ஜூலை, காலை 6.20

பந்தி உவமையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பந்தியில் பக்கத்து இலை என்று ஒன்று உண்டு. எண்கோட்டில் 2-க்குப் பக்கத்து எண் என்று ஒன்று கிடையாது. 1.999 என்றால் 1.9999 இன்னும் பக்கத்தில் நிற்கும், அதற்கும் உள்ளே 1.99999. எது வந்தாலும் அதைவிட நெருக்கமாக இன்னொன்று வரும். வகுப்பில் நிறையப் பேர் "2-க்கு முந்தின எண்ணைப் போட்டுப் பார்ப்பதுதான் எல்லை" என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நினைப்பை நானே உவமை சொல்லி வளர்க்கக் கூடாது.

9 ஜூலை, இரவு 10.00

தம்பி, உன் கேள்வியைக் கேட்டவர்கள் வரிசையில் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார். 1734-ல் அயர்லாந்துப் பாதிரியார் பெர்க்லி, நியூட்டன் வழிக் கணக்கைப் பிடித்துக்கொண்டு இதையேதான் கேட்டார்: ஒரு சிறு அதிகரிப்பைப் பூச்சியம் இல்லை என்று வைத்து வகுக்கிறீர்கள், வகுத்து முடித்ததும் அதையே பூச்சியம் என்று தள்ளிவிடுகிறீர்கள், எது உண்மை? கணக்கின் விடைகள் சரியாக இருந்தன. வாதத்தில் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையை அடைக்க ஏறக்குறைய நூறு வருடம் ஆனது. 1817-ல் போல்சானோ, 1821-ல் கோஷி, பிறகு வையர்ஸ்ட்ராஸ் என்று கைமாறி வந்துதான் இன்றைய எல்லை வரையறை உருவானது. நியூட்டன் காலத்துக்காரர்களே திணறிய இடத்தில் நீ நிற்கிறாய். அதை "எல்லாரும் அப்படித்தான்" என்று மூடிவைப்பது எனக்கு ஏற்பில்லை.

10 ஜூலை, இரவு 9.15

அந்த வரையறையையும் சொல்லிவிடு என்று இங்கே ஒரு அக்கா கேட்டிருக்கிறார். சொல்கிறேன், பயப்பட வேண்டாம்.

நகைக்கடையில் சங்கிலி செய்யச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு கிராம். "எவ்வளவு வித்தியாசம் வரலாம்?" என்று ஆசாரி கேட்பார். நீ சொல்லும் வித்தியாசம் எவ்வளவு சிறியதானாலும், அதற்குள் நிறுத்திக்காட்ட அவரால் முடிந்தால் அவர் கைதேர்ந்தவர். எல்லை வரையறையும் அதே பேரம்தான். விடையில் எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுப்பாய் என்று நீ சொல்ல வேண்டும், அது எப்சிலான். 2-க்கு எவ்வளவு நெருக்கத்தில் நின்றால் அந்த வித்தியாசத்துக்குள் அடங்கும் என்று நான் சொல்ல வேண்டும், அது டெல்டா. நீ எந்த எப்சிலான் கொடுத்தாலும் நான் ஒரு டெல்டா கொடுக்க முடிந்தால் எல்லை உண்டு. க சரியாக 2-ஆக இருக்கும் நிலை மட்டும் இந்தப் பேரத்தில் சேராது.

க + 2-க்கு இது சுலபம். க + 2-க்கும் 4-க்கும் உள்ள தூரம், க-வுக்கும் 2-க்கும் உள்ள அதே தூரம். நீ 0.001 என்றால் நானும் 0.001 என்பேன்.

2-ல் க²-ன் எல்லையும் 4. அதைக் காட்டக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். க² − 4 = (க − 2)(க + 2). முதலில் 2-லிருந்து 1-க்கு மேல் தள்ளி நிற்கமாட்டேன் என்று ஒத்துக்கொள்கிறேன். அப்போது க 1-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கும், க + 2 ஐந்தைத் தாண்டாது. ஆக விடையின் வித்தியாசம், க-வின் வித்தியாசத்தைப் போல் ஐந்து மடங்குக்குள் அடங்கும். எப்சிலானை 5-ஆல் வகுத்தது, 1, இந்த இரண்டில் சிறியது என் டெல்டா. நீ 0.01 கேட்டால் நான் 0.002 தருவேன்.

இதில் "நெருங்குகிறது", "போகிறது", "சேர்கிறது" என்ற வினையே வரவில்லை பாருங்கள். எதுவும் நகரவில்லை. வெறும் சமனிலிகள். பெர்க்லி கேட்ட கேள்விக்கு இங்கே இடமே இல்லை.

11 ஜூலை, மாலை 5.40

"இவ்வளவு எதற்கு, 0/0 வந்தால் மேலும் கீழும் வகையிட்டுவிட்டு (மாறும் வீதமான வகைக்கெழுவைக் கண்டு) போட்டால் முடிந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். லோபிதால் விதி. பன்னிரண்டாம் வகுப்பில் வரும், நல்ல விதி, நானும் பயன்படுத்துவேன். ஆனால் எல்லை தெரியாதவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன்.

(க² + 1)/(க + 1), க 1-ஐ நெருங்குகிறது. நேராகப் போட்டால் 2/2, விடை 1. என் மாணவி ஒருத்தி பழக்கத்தில் வகையிட்டு 2க/1 என்று எழுதி, விடை 2 என்றாள். இது 0/0 வடிவமே இல்லை. 0/0, முடிவிலி/முடிவிலி போன்ற தேறப்பெறாத வடிவம்தானா என்று பார்க்காமல் விதியைத் தொடக்கூடாது.

இன்னொன்று: (க + சைன் க)/க, க முடிவிலிக்குப் போகிறது. வகையிட்டால் 1 + காஸ் க. அது 0-க்கும் 2-க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கும், எல்லை இல்லை. உடனே "மூல எல்லையும் இல்லை" என்று எழுதினால் தப்பு. க-வால் வகுத்தால் 1 + (சைன் க)/க, இரண்டாவது உறுப்பு பூச்சியத்துக்குப் போகிறது, விடை 1. வகையிட்ட பிறகு எல்லை கிடைத்தால்தான் விதி பேசும். கிடைக்காவிட்டால் விதி எதையும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

11 ஜூலை, இரவு 10.30

அதே அன்பர் கேட்கிறார்: க பூச்சியத்தை நெருங்கும்போது (சைன் க)/க-வுக்கு மட்டுமாவது விதி போடலாமே, காஸ் 0 = 1, ஒரே வரி.

விடை சரி. ஆனால் சைனின் வகைக்கெழு காஸ் என்று எப்படித் தெரியும்? அதை நிறுவும்போது நடுவில் (சைன் க)/க-வின் எல்லை 1 என்பதைத்தான் பயன்படுத்துகிறோம். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. நினைவுக்கு வரவழைக்க உதவும், நிரூபணம் ஆகாது.

நிரூபணம் படத்தில் இருக்கிறது. ஆரம் 1 உள்ள வட்டம், நடுவில் கோணம் க. உள்ளே அடங்கும் முக்கோணத்தின் பரப்பு (சைன் க)/2. அதைச் சுற்றியுள்ள வட்டக்கோணப்பகுதி க/2. அதையும் அடக்கும் வெளி முக்கோணம் (டேன் க)/2. சின்னது, நடு, பெரிது. அதனால் சைன் க < க < டேன் க. எல்லாவற்றையும் சைன் க-வால் வகுத்துத் தலைகீழாக்கினால், (சைன் க)/க என்பது காஸ் க-வுக்கும் 1-க்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. க பூச்சியத்தை நெருங்கும்போது காஸ் க 1-க்கு வருகிறது, நடுவில் இருப்பதும் வேறு வழியின்றி 1-க்கு வருகிறது. சாண்ட்விச் தேற்றம். எதிர்மறை க-வுக்கும் இதே மதிப்புதான், ஏனென்றால் மேலும் கீழும் ஒன்றாகக் குறி மாறும்.

இதில் க ரேடியனில் (ஆரம் 1 உள்ள வட்டத்தில் வில்லின் நீளத்தையே கோணமாக அளக்கும் அலகில்) இருக்க வேண்டும். ஒரு பையன் கால்குலேட்டரில் 0.1 போட்டுப் பார்த்துவிட்டு, "புத்தகம் தப்பு சார், 0.01745 வருது" என்று ஓடிவந்தான். டிகிரி மோடில் போட்டிருக்கிறான். அவனை நான் திட்டவில்லை. அந்த 0.01745 என்ன எண் என்று கேட்டேன். பை-யை 180-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு அவனே உட்கார்ந்துவிட்டான். டிகிரியில் அளந்தால் எல்லை அதுதான். 1 என்ற அழகான விடைக்காகத்தான் ரேடியனில் அளக்கிறோம் என்பது அன்றைக்கு வகுப்பில் எல்லாருக்கும் விளங்கியது. ரேடியன் மோடில் 0.1-க்கு 0.99833 வரும்.

12 ஜூலை, காலை 7.05

வட்டக்கோணப்பகுதியின் பரப்பு க/2 என்பதற்கு வட்டத்தின் பரப்புச் சூத்திரம் வேண்டும், அதற்குத் தொகையிடல் (சிறு துண்டுகளைக் கூட்டிப் பரப்பு காணும் முறை) வேண்டும், அதற்கு மறுபடி சைன் வேண்டும், நீங்களும் சாவியை உள்ளே வைத்துத்தான் பூட்டியிருக்கிறீர்கள் என்று அக்கா மடக்குகிறார். அருமையான கேள்வி, எனக்கு நேற்று தோன்றவில்லை. தொகையிடல் வழியாகப் போனால் அக்கா சொல்வதுபோல் சுற்றிக்கொள்ளும். ஆனால் வட்டத்தின் பரப்பு, சுற்றளவை அடியாகவும் ஆரத்தை உயரமாகவும் கொண்ட முக்கோணத்தின் பரப்புக்குச் சமம் என்று ஆர்க்கிமிடீஸ் பலகோணங்களை வைத்தே நிறுவிவிட்டார், சைனின் வகைக்கெழு இல்லாமல். அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதை நான் நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

14 ஜூலை, மதியம் 3.20

இன்னொரு திருத்தம், இது முக்கியமானது. முதல் நாள் நான் 1.9, 1.99, 2.01 போட்டுக்காட்டி "ஆக 4" என்று எழுதினேன். அதைப் படித்த ஒருவர், இனி எல்லாக் கணக்கையும் கால்குலேட்டரிலேயே பார்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறார். அந்த "ஆக" என்ற சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது.

சைன்(பை/க), க பூச்சியத்தை நெருங்குகிறது. 0.1 போடுங்கள்: சைன் 10 பை, பூச்சியம். 0.01: பூச்சியம். 0.001: பூச்சியம். எத்தனை தசம இடம் போனாலும் பூச்சியம்தான். எல்லை 0 என்று எழுதினால் மொத்தமும் தப்பு. க = 2/401 போட்டால் 1 வரும், 2/403 போட்டால் −1. பூச்சியத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போனாலும் இதே ஆட்டம் இருக்கும். எல்லை இல்லவே இல்லை. நாம் பொறுக்கி எடுத்த இடங்கள் நம்மை ஏமாற்றிவிட்டன.

அடுத்து (1 − காஸ் க)/க². ரேடியன் மோடில் 0.1-க்கு 0.49958, 0.01-க்கு 0.499996. இன்னும் துல்லியம் வேண்டும் என்று 0.00000001 போடுங்கள். சாதாரணக் கால்குலேட்டரில் 0 வரும். அங்கே காஸ் 1-லிருந்து மாறுவது பதினேழாவது தசம இடத்தில். கருவி வைத்திருக்கும் இலக்கங்களுக்கு அது எட்டாது, காஸ் = 1 என்று வைத்துக்கொண்டுவிடும். நெருங்க நெருங்கப் பொய் சொல்லும் அட்டவணை! கையால் செய்தால் இரண்டு வரி: மேலும் கீழும் 1 + காஸ் க-வால் பெருக்கினால் மேலே சைன்² க, கீழே க²(1 + காஸ் க). (சைன் க)/க-வின் வர்க்கம் 1, மிச்சம் 1/2.

அட்டவணை போட வேண்டாம் என்று சொல்லவில்லை. விடையை ஊகிக்க அதைப்போல் உதவி வேறில்லை, நான் இன்றும் போடுகிறேன். ஊகம் வேறு, நிரூபணம் வேறு.

16 ஜூலை, இரவு 8.00

இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை என்பதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா என்று தம்பி கேட்டான். வீட்டுக் கரண்ட் பில்லை எடு. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம், இரண்டு மாதக் கணக்கு. 500 யூனிட் வரை உள்ளவர்களுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6. கூட்டினால் 225 + 900 + 600 = 1725. 500-ஐத் தாண்டியவர்களுக்கோ 101 முதல் 400 வரை எல்லாமே 4.50, அடுத்த 100-க்கு 6, அதற்கு மேல் 8 என்று தொடங்கியது. 500-ஐத் துளி தாண்டினால் 1350 + 600 = 1950.

யூனிட்டைப் பின்னமாகவும் அளக்கலாம் என்று வைத்துக்கொண்டால், 500-ல் இடப்பக்க எல்லை 1725, வலப்பக்க எல்லை 1950. இரண்டும் வேறு, அதனால் அங்கே எல்லை இல்லை. சார்புக்கு மதிப்பு மட்டும் உண்டு, 1725. முதல் நாள் கணக்கில் எல்லை இருந்தது, மதிப்பு இல்லை. இங்கே மதிப்பு இருக்கிறது, எல்லை இல்லை. ஒன்றுக்கு ஒன்று உத்தரவாதம் இல்லை என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்.

200-லும் பார். இரண்டு பக்கமும் 225-தான், தொடர்ச்சி உண்டு. யூனிட் விலை மட்டும் 2.25-லிருந்து 4.50-க்கு மாறுகிறது, வரைபடம் முறிகிறதே தவிர அறுபடவில்லை. அந்த முறிவில் வகைக்கெழு கிடையாது. 500-ல் அறுந்தே போகிறது. எங்கள் வீட்டில் மே மாதம் 500-ஐ ஒட்டி ரீடிங் வந்தபோது அந்த 1950 − 1725 = 225 ரூபாயை நன்றாகவே உணர்ந்தோம்.

17 ஜூலை, காலை 6.45

எதிர்மறை முடிவிலிக் கணக்கில் நிறையப் பேர் விழுகிறார்கள். √(க² + 1)/க. க எதிர்மறை முடிவிலிக்குப் போனால் விடை −1. √க² = க என்று எழுதி 1 சொல்லிவிடுவார்கள். √க² என்பது க-வின் மட்டு மதிப்பு. க எதிர்மறை என்றால் அது −க. க = −100 ஒன்று போட்டுப் பார்த்தாலே குறி தெரிந்துவிடும்.

18 ஜூலை, இரவு 9.50

"எல்லாமே வெள்ளைக்காரர் பெயராக இருக்கிறதே" என்ற ஆதங்கத்துக்கு: கேரளத்தில் சங்கமகிராம மாதவன் வழி வந்தவர்கள் சைனுக்கு முடிவில்லாத் தொடர் எழுதியிருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் அந்த விளக்கங்களை மலையாள உரைநடையில் எழுதிவைத்தார், யுக்திபாஷா. அதில் வரும் ஒரு படி, நம் ஊர்ப் பிளஸ் ஒன் கணக்குதான்: 1 + 2 + … + ம என்ற கூட்டலை ம²-ஆல் வகுத்தால், ம பெரிதாகப் பெரிதாக 1/2 ஆகும். நமக்குச் சூத்திரம் தெரியும், (ம + 1)/(2ம), விடை கண்ணுக்குத் தெரிகிறது. வர்க்கங்களைக் கூட்டி ம³-ஆல் வகுத்தால் 1/3, கனங்களை ம⁴-ஆல் வகுத்தால் 1/4. பெருமைக்காகச் சொல்லவில்லை, படிக்க அழகாக இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

21 ஜூலை, மாலை 6.30

லோபிதால் பெயரைச் சொன்னேன், பாக்கிக் கதையையும் சொல்லவேண்டும். விதியைக் கண்டவர் யோஹான் பெர்னூலி. 1694-ல் லோபிதால் ஆண்டுக்கு 300 லிவர் (பழைய பிரெஞ்சுப் பணம்) தருவதாகச் சொல்லி அவருடைய கண்டுபிடிப்புகளைத் தமக்குத் தருமாறு ஏற்பாடு செய்துகொண்டார். 1696-ல் வந்த லோபிதாலின் புத்தகத்தில் விதி அச்சானது, பெயரும் அவருக்கே நின்றுவிட்டது.

அந்தப் புத்தகம் விதிக்குக் காட்டும் முதல் எடுத்துக்காட்டில், அதில் வரும் நீளத்தை 1 என்று வைத்துக்கொண்டால் இப்படி நிற்கும்: மேலே √(2க − க⁴) கழித்தல் க-வின் கனமூலம். கீழே 1 கழித்தல் க³-ன் நான்காம் மூலம். க 1-ஐ நெருங்குகிறது. 0/0.

தம்பி, விதி இல்லாமலே இது உன்னால் முடியும். மேலே ஒரு 1-ஐக் கழித்துக் கூட்டு: (√(2க − க⁴) − 1) − (கனமூலம் − 1). மேல், கீழ் எல்லாவற்றையும் க − 1-ஆல் வகு. கனமூலத் துண்டும் கீழ்த் துண்டும், (க-வின் n-ஆம் அடுக்கு − 1)/(க − 1)-ன் எல்லை n என்ற உன் புத்தகச் சூத்திரத்திலேயே வந்துவிடும், 1/3, −3/4. வர்க்கமூலத் துண்டுக்கு √(2க − க⁴) + 1-ஆல் மேலும் கீழும் பெருக்கு. மேலே வரும் 2க − க⁴ − 1-ஐ 2(க − 1) − (க⁴ − 1) என்று பிரித்துக்கொள்.

22 ஜூலை, இரவு 9.25

தம்பி 8/9 என்று அனுப்பியிருக்கிறான். வர்க்கமூலத் துண்டில் −1 வர வேண்டும், அதுவரை சரியாகவே போட்டிருக்கிறான். −1-லிருந்து 1/3-ஐக் கழிக்கும்போது கூட்டிவிட்டான். −4/3 வரும், −2/3 இல்லை. கீழே −3/4. விடை 16/9, புத்தகத்தில் இருப்பதும் அதுதான். ஒவ்வொரு அடித்தலுக்குப் பக்கத்திலும் "க ≠ 1" என்று எழுதியிருக்கிறான், அதைப் பார்த்தேன்.